அம்மன் திரை துவைத்த செம்புத் தொட்டி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதற்குள் பழைய வாஷிங் மெஷின்கள் ஐந்து நிற்கின்றன. மழைக்கு ஒதுங்குகிறவர்கள் முதலில் அவற்றைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இத்தனை எதற்கு என்று கேட்பார்கள். நான் தேயிலை பெக்டரியில் முப்பத்து நான்கு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. நின்றுபோன எதையாவது கண்டால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான் என்பேன். கேட்டவர்களுக்கு அந்தப் பதில் போதாது. எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியாது.

முதல் மெஷின் எங்கள் தோட்டத்துத் துரையின் பெரிய பங்களாவில் கிடைத்தது. நான் வேலையை விட்டு நின்ற வருஷம், அங்கே களஞ்சிய அறையைத் துப்புரவாக்கிப் பழைய சாமான்களைப் புல்தரையில் எடுத்துப் போட்டிருந்தார்கள். பங்களா சமையல்காரர் அதில் ஒன்றின் மூடிமேல் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான்கு கால், காலுக்கொரு சக்கரம், அதன்மேல் வட்டத் தொட்டி. தொட்டிக்கு நடுவில் மோர் கடைகிற மத்தைப் போல மூன்று இறக்கை வைத்த ஒரு தண்டு. மேலே துணி பிழிய இரண்டு ரப்பர் உருளைகள். அவரை எழுப்பிவிட்டு அடிமூடியைக் கழற்றினேன். பற்சக்கரப் பெட்டிக்குள் எண்ணெய் இன்னும் தேன் போல நின்றது. ஒரு பல்கூட உடைந்திருக்கவில்லை. யார் செய்தது, எந்த ஊரில் செய்தது, எனக்குத் தெரியாது. அந்த மனுஷன் செத்து எத்தனை வருஷமோ. ஆனால் தன் வேலையை யாரோ ஒருநாள் திறந்து பார்ப்பார்கள் என்று நினைத்துச் செய்திருக்கிறான். வெளியே தெரியாத இடத்திலும் இரும்பை அராவி வழவழப்பாக்கியிருக்கிறான். நான் அந்தப் புல்தரையில் கும்பிட்டேன் என்று சமையல்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். கும்பிட்டது உண்மைதான்.

அப்புறம் காது அந்தப் பக்கமே திரும்பிவிட்டது. உடப்புசல்லாவையில் ஒரு வீட்டில் இப்படியொரு மெஷினில் விதைக் கிழங்கு போட்டு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், கிழங்கைச் சாக்கில் கொட்டிக் கொடுத்துவிட்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். மரக்கறி லொறியில், முட்டைக்கோவா மூட்டைகளுக்கு மேல் ஏறி வந்தது அது. மஸ்கெலியாவில் ஒரு பழைய பங்களா வாசலில் இன்னொன்று பூந்தொட்டியாக நின்றது. அதன் தொட்டி முழுக்கச் செம்பு. அதில் மண்ணை நிரப்பிச் சிவப்புப் பூச்செடி வைத்திருந்தார்கள். தண்ணீர் வடிய அடியில் ஆறு துளை போட்டிருந்தார்கள். அந்தத் துளைகளைப் பார்த்தபோது என் வயிற்றிலேயே யாரோ துளை போட்டது போல் இருந்தது. வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். வேறு பூந்தொட்டி வாங்கித் தந்தால் எடுத்துப் போங்கள் என்றார்.

நான் சொல்லப்போவது அந்தச் செம்புத் தொட்டியைப் பற்றித்தான். அதற்கு முன் என் மனைவியின் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள். இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுந்திப்போய் விரல்கள் மரத்துவிட்டன. ஆஸ்பத்திரியில் துணி பிழியவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சுடுசட்டியைத் தொட்டாலும் அவளுக்குத் தாமதமாகத்தான் தெரியும். வீட்டுத் துணிகளை நான் பிழிந்துகொண்டேன், அதில் பிரச்சினையில்லை. பிரச்சினை அம்மன் கோயில் திரையில் இருந்தது.

எங்கள் சின்ன மகனுக்கு மூன்று வயதில் காய்ச்சல் கண்டு கண் செருகியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் மாரியம்மாளிடம் ஒன்று சொன்னாள். பிள்ளையைக் கொடு, உன் வாசல் திரையை வருஷா வருஷம் என் கையால் துவைத்துத் தருகிறேன் என்றாள். மகன் இப்போது கொழும்பில் வேலை பார்க்கிறான். அவள் இருபத்திரண்டு வருஷமாகத் திரை துவைக்கிறாள். திரை என்றால் தடித்த வெள்ளைத் துணி, ஆள் உயரத்துக்கும் மேல். ஒரு வருஷத்துக் கற்பூரப் புகை, எண்ணெய், மஞ்சள், வாழைக்கறை எல்லாம் அதில் ஏறியிருக்கும். எங்கள் கோயிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்கு முந்தின நாள் விடியக்காலையில் திரையை அவிழ்ப்பார்கள். அன்று மாலைப் பூசைக்கு முன்னால் துவைத்துக் காயவைத்து மறுபடி கட்டிவிட வேண்டும். ஈரத் திரை கட்டக் கூடாது. வேறு திரையும் கட்டக் கூடாது. எங்கள் மலையில் அந்த மாதத்தில் காலையில் நாலைந்து மணி நேரம் வெயில் கிடைத்தால் பெரிய காரியம். நண்பகலில் மூடுபனி இறங்கும், பின்னேரம் மழை. அதனால் எல்லாம் பிழிவதில்தான் இருக்கிறது. நன்றாகப் பிழிந்தால் காயும், இல்லாவிட்டால் காயாது.

போன வருஷம் காயவில்லை. என்னைத் தொடவிடாமல் அவளேதான் பிழிந்தாள். பிழிவதாக நினைத்துக்கொண்டு துணியைத் தடவியிருக்கிறாள், பாவம். மாலையில் திரையைக் கட்டியபோது அடியிலிருந்து சொட்டியது. கோயில் தலைவர் தயவாகத்தான் சொன்னார்.

"அக்கா, அடுத்த வருசமும் இப்படி ஆச்சுன்னா வயசுப் புள்ளைங்ககிட்ட குடுத்துருவோம். நீங்க வந்து கும்புட்டா போதும்."

கும்பிட்டால் போதும் என்று அவர் சொன்னது அவளுக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்து கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை உயிரைக் கேட்டபோது அம்மாளிடம் நான் தவணை எதுவும் சொல்லவில்லையே, முடிகிறவரைக்கும் என்றும் சொல்லவில்லையே என்றாள்.

இந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்ததும் மெதுவாக ஆரம்பித்தேன். நம்மிடம் இத்தனை மெஷின் இருக்கிறது, அதில் ஒன்று பிழியட்டுமே என்றேன். அவள் முதலாவதைக் கண்ணால் காட்டினாள்.

"தொரை வூட்டு ஜட்டியெல்லாம் சுத்துன மிசினுங்க. அதுல அம்மா தெரையப் போடுறதா?"

நான் பூசாரியிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். ஆயுத பூசைக்குப் பெக்டரி ரோலருக்கெல்லாம் பொட்டு வைத்தவர் நீங்கள், அதே மாதிரி கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொட்டு வைத்தால் எதுவும் சுத்தம்தான், மனசு ஒப்பினால் செய்யுங்கள் என்றார். மனைவிக்கு ஒப்பவில்லை. ஒருநாள் காலை கொட்டிலுக்குள் தானாகவே வந்தாள். மஸ்கெலியாத் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் அப்போதுதான் புளி போட்டுத் தேய்த்திருந்தேன். கோயில் குடம் மாதிரி இருந்தது.

"செம்புதானே இது?"

"முழுச் செம்பு."

"பூ வெச்சிருந்தாங்கன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அப்ப இதுல செய்யலாம்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றினேன். உருளைகளின் ரப்பர் கல்லாகி வெடித்திருந்தது. கண்டியில் அச்சகங்களுக்கு உருளை செய்கிற சிங்களக் கைவேலைக்காரர் ஒருவர் இருக்கிறார், பாஸ் என்போம். அவரிடம் கொடுத்துப் புது ரப்பர் போட்டு வாங்கினேன். உருளைகளுக்கு மேல் ஒரு நீளக் கட்டை இருக்கிறது. அதைத் தட்டினால் இறுகிப் பிடித்திருக்கிற இரண்டு உருளையும் அந்த நொடியே விலகிவிடும். கையோ முந்தானையோ மாட்டினால் தப்புவதற்காக வைத்தது. அது துருவேறி அசையாமல் கிடந்தது. நாலு நாள் எண்ணெயில் ஊறப்போட்டு, அதன் சுருள்வில்லை மாற்றி, ஒரு விரலால் தட்டினாலும் திறக்கிற மாதிரி ஆக்கினேன். ஆறு துளைக்கும் அடியில் ஓர் இரும்புத் தகடு வைத்து, ஆறு இரும்பு போல்ட் போட்டு முடுக்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெருமையாக இருந்தது.

திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது ஓட்டிப் பார்த்தோம். பக்கத்து வீட்டுப் பெண் கொழுந்து பறிக்கிறவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். தன் மகளின் வெள்ளைப் பள்ளிக்கூடக் கவுனையும் தான் மலைக்குப் போட்டுப் போகிற சட்டையையும் கொண்டுவந்தாள். நான் என் வெள்ளை வேட்டியை எடுத்தேன். வெள்ளையையும் மலைச் சட்டையையும் ஒன்றாகப் போடாதீர்கள் என்று மனைவி சொன்னாள். மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் போட்டேன். மத்து அரை வட்டம் இந்தப் பக்கம், அரை வட்டம் அந்தப் பக்கம் என்று அசைந்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே, ஒரு பெரிய மாடு நிதானமாக அசைபோடுவது போல. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மெஷினை அப்படியே ஓடவிட்டு, பால் இல்லாத சாயத்தண்ணி ஒன்று குடித்துவிட்டு வந்தேன்.

மூடியைத் திறந்தால் தொட்டி நிறைய மை. கவுனில் கருநீலத் திட்டுத் திட்டாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"மாமா, தொவைக்கத்தான் குடுத்தேன். நீங்க மையில முக்கிக் குடுத்திருக்கீங்க. மிசின இஸ்கூலுக்கே குடுத்துருங்க, புள்ளைங்க பேனாவுக்கு ஊத்திக்கட்டும்."

லயத்து வரிசை வீடெல்லாம் சிரித்தது. கொட்டிலுக்கு மை பெக்டரி என்று பேரும் வைத்தாயிற்று. என் மனைவி சிரிக்கவில்லை. கவுனை வாங்கி, புளிப்புத் தேசிக்காயை வெட்டி உப்பில் தொட்டு, விரல் நுனியால் முடியாமல் உள்ளங்கையால் தேய்த்து வெயிலில் போட்டாள். மூன்று தடவை அப்படிச் செய்து கவுனை வெள்ளையாக்கிக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

"நான் கல்லுலயே அடிச்சிக்கிறேங்க. முடிஞ்ச வரைக்கும் அடிக்கிறேன்."

அது எனக்கு யார் சிரித்ததையும்விட வலித்தது.

மறுநாள் வேட்டியைக் கொடியில் விரித்துப் பார்த்தேன். அதில் ஓரிடத்தில் வட்டமாக ஆறு கரும்பொட்டு. போல்ட் தலைகள் அப்படியே பதிந்திருந்தன. உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் வெட்கமாகவும் இருந்தது. கொழுந்துச் சாறும் பச்சை இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். பெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர் மேசைக்குப் பித்தளைக் கட்டைகள் பதிப்பது அதனால்தான். புதிதாக வேலைக்கு வந்த எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், மேசையில் ஓர் ஆணி விழுந்தாலும் தேடி எடுக்கச் சொல்லி. துணி துவைப்பதில் சவர்க்காரமும் தண்ணீரும்தானே, தேயிலை எங்கே வரப்போகிறது என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊரில் எந்தத் துணியில்தான் தேயிலை இல்லை? திரையில் கொழுந்துச் சாறு இருக்காது. ஆனால் வாழைக்கறை இருக்கும். அதுவும் இரும்பைக் கண்டால் அதே வேலையைத்தான் செய்யும். கோயில் திரையில் அந்த ஆறு பொட்டும் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடம்பு கூசியது. முன்கூட்டியே காட்டிக் கொடுத்தவள் அம்மாள்தான் என்று நான் நம்புகிறேன்.

பித்தளைக்கு நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. பெக்டரியில் பழைய ரோலர் ஒன்றைப் பிரித்தபோது, அரிவாள் மாதிரி வளைந்த பித்தளைக் கட்டை ஒன்றை, பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் எனக்கு ஞாபகமாகக் கொடுத்திருந்தார். அது சாமி அறையில் விளக்குக்கு அடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கும்போது அதையும் தேய்ப்போம். அந்த வெள்ளிக்கிழமை தேய்த்துவிட்டு, கும்பிட்டு, கொட்டிலுக்குக் கொண்டுபோய் அறுக்கிற வாள் போட்டேன். சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள்.

"அதப் போயி அறுக்கிறீங்களா?"

"சாமிகிட்ட இருந்ததுதானே. சாமி வேலைக்குத்தான் போகுது."

அவள் வாசலிலேயே நின்றாள். நான் அறுத்து முடிக்கும்வரை போகவில்லை. இரும்புத் தகட்டையும் போல்ட்டையும் கழற்றி எறிந்தேன். ஆறு துளைக்கும் ஆறு பித்தளைத் துண்டு அராவி அடைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். செம்பும் பித்தளையும் பிடித்துக்கொண்டால் அப்புறம் விடாது. பிறகு பக்கத்து வீட்டு மலைச் சட்டையை மறுபடி கேட்டு வாங்கி, வேட்டியோடு சேர்த்துப் போட்டேன். சட்டை தர அவள் ஆயிரம் பேச்சுப் பேசினாள். தண்ணீர் மங்கலானது, கறுக்கவில்லை. மனைவி வேட்டியை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு சாணாகப் பார்த்தாள். சரி என்று மட்டும் சொன்னாள்.

திரை அவிழ்க்கிற அன்று அவள் விரதம். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளித்துவிட்டு, தாம்பாளத்தில் திரையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மெஷினுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தோம். பீலித் தண்ணீரையே சுடவைத்து ஊற்றினேன். திரையை அவள்தான் போட்டாள், சுவிட்சையும் அவள்தான் தட்டினாள். அவள் கை படாமல் எதுவும் நடக்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். தண்ணீர் முதலில் மஞ்சளானது, பிறகு புகை நிறமானது. மூன்று தண்ணீர் மாற்றினோம். கருப்பே காணவில்லை.

பிழிய ஆரம்பித்தோம். நான் மறுபக்கம் நின்று வாங்கிக்கொண்டேன். அவள் துணியை மடித்து மடித்து உருளைக்குள் கொடுத்தாள். இந்தப் பக்கம் அது அப்பளம் போலத் தட்டையாக வந்தது. தண்ணீர் தொட்டிக்குள் அருவியாகக் கொட்டியது. ஒரு மனுஷக் கை அப்படிப் பிழியவே முடியாது. நான் துணியைப் பார்த்துப் பூரித்துப்போய், வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். அவளும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கையின் நான்கு விரலும் துணியோடு சேர்ந்து உருளைக்குள் போய்க்கொண்டிருந்தன. அவளுக்குத் தெரியவில்லை. மரத்த விரல், எப்படித் தெரியும்?

கட்டையை ஓங்கி அடித்தேன். உருளைகள் படாரென்று விலகின. மோட்டார் சும்மா சுற்றியது. அதற்குப் பிறகுதான் அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். விரல்களில் கோடு போலச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். நான்தான் கவிழ்த்திருந்த தண்ணீர் வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். போதும், மிச்சத்தை நான் கொடுக்கிறேன் என்றேன்.

"நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க. அந்தக் கட்டையில கைய வெச்சிக்கிட்டு நில்லுங்க" என்றாள். "பாதி தெரை இன்னும் ஈரமா இருக்கு."

நின்றேன். மிச்சத் திரை முழுக்க அவள் கையாலேயே போனது. இந்த முறை துணியின் ஓரத்தை மட்டும் உள்ளங்கையால் தள்ளிக் கொடுத்தாள். நான் துணியைப் பார்க்கவில்லை, அவள் கையை மட்டும் பார்த்தேன். அந்தக் கட்டையைக் கண்டுபிடித்தவனையும் நினைத்துக்கொண்டேன். உருளையும் மத்தும் துணிக்காகச் செய்தவை. இதை மட்டும் அவன் துவைக்கிற பெண்ணுக்காகச் செய்திருக்கிறான். தன் வீட்டில் யாருடைய கையையாவது நினைத்துக்கொண்டுதான் அதைச் செய்திருப்பான். அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டானோ, அந்தச் சாமி அவனை நன்றாக வைத்திருக்கட்டும்.

வீட்டுக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவில் கொடி கட்டித் திரையை விரித்தோம். பத்தரை மணிக்கே பாதி காய்ந்துவிட்டது. நண்பகலுக்குச் சற்று முன்னால் எதிர்மலையில் மூடுபனி இறங்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் மலையிலிருந்து கொழுந்து நிறுக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, தெரைய எடுங்க மாமி என்று பாதையிலிருந்தே கத்தினாள். மனைவி போய் அடி ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். விரலை நம்பாமல் இப்போதெல்லாம் கன்னத்தால்தான் பார்க்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று நின்றாள். பனி தேயிலைக்குள் இறங்கி எங்கள் வேலி வரை வந்ததும் எடுத்தாள்.

கோயிலில் தலைவர் திரையின் அடி ஓரத்தை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு முழு உள்ளங்கையால் பார்த்தார்.

"காஞ்சிருக்குக்கா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அடுத்த வருசமும் மை பெக்டரிக்காரரக் கூட்டிக்கிட்டு வெள்ளென வந்து நீங்களே வாங்கிக்கங்க" என்றார்.

கூட்டி வரச் சொன்னது என்னை. அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது. பூசாரி திரையைக் கட்டி மூடினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மணியடித்து, திரை விலகி, தீபாராதனை ஆனபோது அவள் மரத்த கைகளைச் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். என்ன வேண்டினாளோ, நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது கோயில் குங்குமத்தை வாழையிலைத் துண்டில் மடித்துக் கொண்டுவந்தாள். நேராகக் கொட்டிலுக்குப் போனாள். ஆயுத பூசையில் நான் வைக்கிற இடமான மோட்டாரில் வைப்பாள் என்று நினைத்தேன். தொட்டியிலும் வைக்கவில்லை. உருளைகளுக்கு மேலே இருக்கிற அந்தக் கட்டையை முந்தானையால் துடைத்து, அதன் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள். விரல் சரியாகப் பிடிக்காமல் பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. நான் அதைத் துடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.